மரத்ததா, மாண்டதா?

மயிலாப்பூரில் தெப்பக்குளத்தை ஒட்டிய காளத்தி கடை வாசலில், சித்திரை வெயிலுக்கு ரோஸ் மில்க் குடித்துக்கொண்டு நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். யாராவது ஒருவர் சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். பல் கூசியிருக்கும். சிலருக்கு அந்தக் கூச்சம் வாயில் இருப்பதை விழுங்கியதுமே போய்விடும். சிலருக்குப் போகாது, மாடவீதி திரும்பி லஸ் முனை வரைக்கும் கூடவே வரும். கூசுகிறதா என்று கேட்டதோடு பல் மருத்துவர் விடமாட்டார். எத்தனை விநாடி கூசுகிறது என்று துருவித் துருவிக் கேட்பார். குளிர்ச்சி விலகியவுடன் வலியும் விலகினால், பல்லுக்குள் இருக்கும் கூழ் எரிச்சல்பட்டிருக்கிறது, தேறிவிடும் என்று எடுத்துக்கொள்வார். அரை நிமிடம் தாண்டியும் வலி தங்கினாலோ, நடுராத்திரியில் தானாகக் கிளம்பினாலோ, சூடான காபிக்கு ஏறிக் குளிர்ந்த தண்ணீருக்கு அடங்கினாலோ அவர் முகம் கொஞ்சம் மாறும்.

பல்லின் வெளி ஓடான எனாமலில் உயிரணு ஒன்றுகூடக் கிடையாது. அதற்கு வலிக்கத் தெரியாது. அதற்கு அடியில் உள்ள டென்டின் திடமாகத் தெரிந்தாலும் முழுக்க முழுக்கத் துளைகள். கூழுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 45,000 நுண்குழாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 2.5 மைக்ரான் அகலம். எனாமலை நெருங்க நெருங்க அவை குறுகி, எண்ணிக்கையும் பாதிக்குக் கீழே போய்விடும். குழாய்கள் எல்லாவற்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரென்ஸ்ட்ரோம் 1960களில் காட்டியது இதைத்தான்: குளிர் பட்டதும் இந்தத் திரவம் சுருங்கி நகர்கிறது, அந்த நகர்வு குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பு நுனிகளைச் சுண்டிவிடுகிறது. ரோஸ் மில்க்கின் குளிர்ச்சி கூழைப் போய்ச் சேர்வதற்கு முன்பே கூச்சம் வந்துவிடுவதற்குக் காரணம் இது. சுருக்கென்று வரும் இந்த வலியைச் சுமப்பவை ஏ-டெல்டா என்ற வேகமான நரம்பிழைகள். கூழின் ஆழத்தில் சி-இழைகள் என்று இன்னொரு கூட்டம் உண்டு. அவை சாதாரணக் குளிருக்கு அசையாது. அழற்சி முற்றினால்தான் விழிக்கும். விழித்துவிட்டால் மந்தமாக, விண்விண்ணென்று, எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி வலிக்கும்.

நம் ஊரில் எல்லோரும் நரம்பு என்று சொல்வது இந்தக் கூழை. உண்மையில் நரம்பு அதில் ஒரு பங்குதான். ரத்தக் குழாய்கள், நார்கள், எதிர்ப்புச் செல்கள், ஓரம் முழுவதும் வரிசையாக நின்று டென்டின் கட்டும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள், உள்ளே காத்திருக்கும் தண்டுச் செல்கள் எல்லாம் சேர்ந்த மெல்லிய திசு அது. பெரியவர் ஒருவரின் 32 பற்களிலும் உள்ள கூழை ஒன்றாகச் சேர்த்தால் 0.38 மில்லிலிட்டர்தான் தேறும். ஒரு டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சொற்பத் திசு சுற்றிலும் கடினச் சுவர் எழுப்பிய அறைக்குள் இருக்கிறது. ரத்தம் உள்ளே போவதும் வெளியே வருவதும் வேர் நுனியில் இருக்கும் ஊசித்துளை வழியாகத்தான்.

விரலில் அடிபட்டால் வீங்குகிறது. கூழ் வீங்குவதற்கு இடமில்லை. இதை வைத்து அந்தக் காலத்துப் பாடநூல்கள் ஒரு பயங்கரக் கதை சொல்லிவந்தன. கூழின் ஒரு மூலையில் அழற்சி வந்தால் அறை முழுவதும் அழுத்தம் ஏறும், வேர் நுனியில் ரத்தக் குழாய் நசுங்கும், கூழ் தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு சாகும் என்பது அந்தக் கதை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் 1980களில் பூனைப் பற்களின் கூழுக்குள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியை நுழைத்து அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். அழற்சி இருந்த இடத்தில் அழுத்தம் ஏறியிருந்தது. சற்றுத் தள்ளி, அதே கூழில், வழக்கமான அளவுதான். உபரித் திரவத்தைப் பக்கத்து நுண் ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன. ஆக, கூழ் ஒரேயடியாகச் சாவதில்லை. பாதிப்பு பட்ட இடத்தில் தொடங்கி, மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாகச் சாகிறது. இந்த அத்தியாயத்தில் இனிமேல் வரும் எல்லாச் சிகிச்சைகளும் நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான்: மேல்தளம் அழுகியிருக்கும்போது கீழ்த்தளம் நல்ல நிலையில் இருக்கலாம்.

கூழ் சும்மா இருந்து சாகிற திசுவும் அல்ல. சொத்தை டென்டினை அரித்துக்கொண்டு கீழே இறங்கும்போது, பாக்டீரியா வந்து சேர்வதற்கு முன்பே அவை கக்கும் அமிலமும் நச்சும் குழாய்கள் வழியாகச் சேதி சொல்லிவிடுகின்றன. சேதி மெதுவாக வந்தால் அங்கேயே இருக்கும் ஓடோன்டோபிளாஸ்ட்கள் புதிதாக டென்டின் சேர்த்துச் சுவரைத் தடிமனாக்கும். தாக்குதல் கடுமையாகி அந்தச் செல்கள் செத்துவிட்டால், அவை மறுபடி பிறக்காது. ஓடோன்டோபிளாஸ்ட் பிளந்து பெருகும் தன்மையை இழந்த செல். அப்போது கூழின் உள்ளே இருக்கும் தண்டுச் செல்கள் ஏறி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, ஒழுங்கற்ற, குழாய்கள் குறைந்த ஒரு டென்டினைக் கட்டத் தொடங்குகின்றன. வேகம் நாளொன்றுக்குச் சராசரியாக 1.5 மைக்ரான். சொத்தையின் வேகம் அதைவிடக் கூடினால் கூழ் தோற்கும், குறைந்தால் ஜெயிக்கும்.

எல்லை எங்கே என்று 1966-ல் ரீவ்ஸ், ஸ்டான்லி என்ற இருவர் பிடுங்கிய பற்களை வெட்டிப் பார்த்து அளந்தார்கள். பாக்டீரியாவின் முன்னணிப் படை கூழிலிருந்து 1.1 மி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தவரை கூழில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை. அரை மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டபோது நிலைமை மோசமாகியது. ஆழமான சொத்தையைச் சுரண்டும்போது கடைசித் துளி அழுக்கையும் எடுத்துவிட வேண்டும் என்ற பழைய கண்டிப்பை இன்று கைவிட்டதற்கு இந்த அரை மில்லிமீட்டரும் ஒரு காரணம். ஓரங்களைச் சுத்தமாக எடுத்துவிட்டு, கூழுக்கு நேர் மேலே மட்டும் தோல்போல் மெத்தென்று இருக்கும் டென்டினை விட்டு, காற்று புகாமல் அடைத்துவிடுகிறார்கள். உணவு வரத்து நின்றுபோன பாக்டீரியா முடங்குகிறது, கூழுக்குச் சுவர் கட்ட அவகாசம் கிடைக்கிறது. சொத்தையை விட்டுவிட்டு அடைத்த டாக்டர் அரைகுறை என்று திட்டும் நோயாளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இடையில் கிராம்பு பற்றி ஒரு வார்த்தை. கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் இன்றும் பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வாங்குகிறவர்கள் உண்டு. அது வெறும் நம்பிக்கை அல்ல. அதிலுள்ள யூஜினால் நரம்பை மரக்கச் செய்யும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திவருகிறார்கள். ஆனால் நடுவில் டென்டின் இருக்கும்வரைதான் அது மருந்து. திறந்துகிடக்கும் கூழின் மேல் நேராகப் பட்டால் செல்களைக் கொல்லும். கற்பூரத்தையும் புகையிலையையும் குழிக்குள் திணிப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு மரியாதையான சொல் எதுவும் கிடைக்கவில்லை.

சரி, சுவர் உடைந்து கூழ் வெளியே தெரிந்துவிட்டால்?

1756-ல் பெர்லினில், பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் பல் வைத்தியர் ஃபிலிப் ஃபாஃப், திறந்த கூழின் மேல் தங்கத் தகட்டை வளைத்து மூடிப் பார்த்தார். பதிவாகியுள்ள முதல் முயற்சி அது. அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு எத்தனையோ பொருள்களை வைத்து மூடிப் பார்த்தார்கள், பெரும்பாலும் தோற்றார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பேராசிரியர்கள் சலித்துப்போய், திறந்த கூழ் கைவிட வேண்டிய உறுப்பு என்றே பாடம் நடத்தினார்கள். திறப்பே மரண தண்டனை என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் படிந்தது.

அதை உடைத்தது எலிகள். அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஆய்வகத்தில் காகெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் 1965-ல் வெளியிட்ட பரிசோதனை, எனக்குத் தெரிந்து பல் மருத்துவத்திலேயே மிக எளிமையான, மிகக் கச்சிதமான பரிசோதனை. ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொரு கூட்டம் பிறந்ததிலிருந்து ஒரு கிருமியைக்கூடப் பார்க்காமல், கிருமி நீக்கிய கூண்டில், கிருமி நீக்கிய உணவில் வளர்ந்த எலிகள். இரண்டுக்கும் மேல் கடைவாய்ப் பல்லில் துளையிட்டுக் கூழைத் திறந்தார்கள். மருந்து வைக்கவில்லை. மூடவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். எலிகள் தின்ற தீனி அந்தத் துளைக்குள் போய் அடைந்தது.

சாதாரண எலிகளில் எட்டாவது நாளிலேயே கூழின் மேல்பாதி செத்திருந்தது; அதற்குப் பின் எஞ்சியதும் போய், வேர் நுனியில் சீழ்க்கட்டி கண்டது. கிருமியற்ற எலிகளின் துளையிலும் அதே தீனி, அதே முடி, அதே குப்பை. கூழ் சாகவில்லை. 14-ஆம் நாளில் காயத்தின் மேல் டென்டின் பாலம் கட்டத் தொடங்கியது. மூன்று, நான்கு வாரத்துக்குள் துளை முழுக்க மூடி, அதற்கு அடியில் கூழ் நலமாக இருந்தது. யாரும் எதுவும் செய்யாமலே!

கூழைக் கொன்றது காயம் அல்ல, காற்றுப்பட்டதும் அல்ல, உணவு அடைந்ததும் அல்ல. பாக்டீரியா. இது தெரிந்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. எந்த மருந்து கூழைக் குணப்படுத்தும் என்று இருநூறு ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எந்த மூடி பாக்டீரியாவை உள்ளே விடாது என்று கேட்க வேண்டியிருந்தது.

அதுவரை அரியணையில் இருந்தது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கிடைக்கும் அதே பொருள். ஜெர்மனியின் ஹெர்மான் 1920-ல் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அதன் கடும் காரத்தன்மை தொட்ட இடத்துக் கூழை மெல்லிய படலமாகக் கருக்கும், கிருமியைக் கொல்லும், டென்டினுக்குள் உறைந்து கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கரைத்து வெளியே விடும். அந்தக் காரணிகளின் வாசனை பிடித்துத்தான் தண்டுச் செல்கள் ஏறி வருகின்றன. பாலம் கட்டப்படும். ஆனால் மருந்து நாளடைவில் கரைந்துபோகும். கட்டிய பாலமும் ஓட்டை: 1996-ல் காக்ஸும் சகாக்களும் குரங்குப் பற்களில் எண்ணிப் பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது பாலங்களில் குறுக்கே சுரங்கங்கள் ஓடின. எக்ஸ்ரேயில் பாலம் தெரியும், டாக்டர் திருப்தியடைவார், பாக்டீரியா சுரங்கப் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்.

மாற்று வந்தது கட்டட வேலையிலிருந்து. கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் போர்ட்லண்ட் சிமென்டை எடுத்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு கலந்து, எம்.டி.ஏ. என்ற பெயரில் 1993-ல் அறிமுகப்படுத்தினார். சாந்துக்கும் அதற்கும் தூய்மையிலும் துகளின் அளவிலும்தான் வித்தியாசம். உள்ளே வேலை செய்வது அதே ட்ரைகால்சியம் சிலிக்கேட். தி. நகரில் எந்தத் தெருவிலும் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பிக்கொண்டிருப்பார்கள். அங்கே தூணுக்குள் நடக்கும் வேதிவினைதான் பல்லுக்குள்ளும் நடக்கிறது. சிமென்டுக்கு ஈரம் பகையில்லை, தேவை. ரத்தமும் திசுநீரும் கசிகிற இடத்தில் மற்ற அடைப்புகள் ஒட்டாமல் தவிக்கும்போது இது இறுகுகிறது. இறுகும்போது துணைவிளைவாகக் கால்சியம் ஹைட்ராக்சைடையும் வெளியிடுகிறது. பழைய மருந்தின் குணம், ஆனால் கரையாத மூடிக்குள். 1996-ல் குரங்குகளில் இதை வைத்துப் பார்த்தபோது பாலம் தடிமனாகவும் நெருக்கமாகவும் வந்தது. குறை இல்லாமல் இல்லை. இறுக இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். முன்பல்லில் வைத்தால் பிஸ்மத்தால் பல் சாம்பல் நிறமாகும். அதற்காகவே பின்னால் வந்த பயோடென்டின் போன்றவை பிஸ்மத் இல்லாமல், கால் மணி நேரத்துக்குள் இறுகுகின்றன.

இனி தி. நகர் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போவோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஒரே நேரத்தில் எத்தனை கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது என்று எண்ண முடியாது. ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்தின் ஃபீல்டரைத் தேடி வரும். ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் மேல் முன்பல் பாதி உடைந்து, உடைந்த பரப்பின் நடுவில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி கூழ். ஒன்பது வயதில் அந்தப் பல்லின் வேர் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. நுனி அகலத் திறந்து, சுவர் காகிதமாக இருக்கும். சுவரைக் கட்டிக்கொண்டிருப்பது கூழ்தான். இந்தக் கட்டத்தில் கூழைப் பிடுங்கி எறிந்தால் வேர் அந்தக் காகிதச் சுவரோடே வாழ்நாள் முழுக்க நிற்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் ஈறோரத்தில் முறியலாம்.

ஸ்டாக்ஹோமின் மியோமிர் ஸ்வெக் 1978-ல் இப்படிப்பட்ட 60 பற்களைப் பற்றி எழுதினார். உடைந்து சில மணி நேரத்தில் வந்த பற்களும் இருந்தன, பல வாரம் கழித்து வந்தவையும் இருந்தன. அவர் செய்தது இவ்வளவுதான்: தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வைரத் துளைப்பானால் கூழின் மேல்பகுதியில் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டும் சீவி எடுத்தார், ரத்தம் நிற்கும்வரை காத்திருந்தார், கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 96 சதவீதம் ஆறியது. திறப்பின் அளவும் காத்திருந்த நேரமும் முடிவை மாற்றவில்லை. பின்னால் குரங்குகளில் பார்த்தபோது காரணம் புரிந்தது: அடிபட்டுத் திறந்த கூழில் ஒரு வாரம் ஆன பிறகும் அழற்சி ஏறத்தாழ 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. எச்சில் கழுவிக்கொண்டே இருக்கிறது, குழி இல்லாததால் உணவு அடைவதில்லை, இளம் கூழுக்கு ரத்தம் தாராளம். பெர்கனில் அளந்த அழுத்தக் கணக்கோடு இது சரியாகப் பொருந்துகிறது.

புள்ளி தெரிந்தால் இப்படிச் செய்யலாம். பல் உடையாமல், வெறுமே அடி வாங்கி ஆடிக்கொண்டிருந்தால் சிக்கல் அதிகம். உள்ளே கூழ் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவர் குளிர் ஸ்ப்ரேயில் நனைத்த பஞ்சை வைத்துப் பார்ப்பார், சிறிய மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார். பையன் உதட்டைப் பிதுக்குவான்.

"ஒண்ணும் தெரியலையே அங்கிள்."

"நரம்பு செத்துடுச்சா டாக்டர்?" என்று அம்மா பதறுவார்.

இரண்டு சோதனைகளும் கேட்பது நரம்பை. அடிபட்ட பல்லில் வேர் நுனியில் நரம்பிழைகள் இழுபட்டு வாரக்கணக்கில் மரத்துப்போகும். ரத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வேர் முடியாத பல்லில் நரம்பு வலையே முழுதாக வளர்ந்திருக்காது. பதில் வராததை மரணம் என்று எடுத்துக்கொண்டால் உயிருள்ள கூழை வெட்டி எறிய வேண்டியதுதான். எத்தனை பற்களுக்கு அப்படி நடந்திருக்கும்!

ரத்தத்தைக் கேட்க ஒரு கருவி ஏற்கெனவே இருந்தது. 2020-க்குப் பிறகு சென்னையில் அதைத் தெரியாத வீடு இல்லை. கொரோனா நாட்களில் காலையும் மாலையும் விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் திசு வழியே அனுப்பி, ஒவ்வொரு துடிப்பிலும் எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லும். அதைப் பல்லில் மாட்டுவதற்கு முன்பும் உலகில் சிலர் முயன்றதுண்டு. விரலுக்கான கிளிப் பல்லில் நிற்காது, வழுக்கும்; ஒளிமூலமும் உணரியும் நேருக்கு நேர் இணையாக இல்லாவிட்டால் எண் தாறுமாறாக வரும். கொரோனாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் வி. கோபிகிருஷ்ணா, டி. கந்தசாமி குழுவினர் பல்லின் முன்பக்கமும் பின்பக்கமும் உணரியை இணையாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிடிப்பானைத் தாங்களே வடிவமைத்தார்கள். விரலில் 98 காட்டும் அதே ஆளுக்கு மேல் முன்பற்களில் 80-ஐ ஒட்டியே காட்டியது. ஆக்சிஜன் குறைவு என்று பயப்பட வேண்டாம். எனாமலும் டென்டினும் ஒளியைச் சிதறடிக்கின்றன. செத்த கூழில் துடிப்பே இல்லை, எண்ணும் வராது.

அதற்குப் பிறகு அவர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சமீபத்தில் அடிபட்ட 17 மேல் முன்பற்களை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். முதல் நாளில் குளிருக்கோ மின்தூண்டலுக்கோ ஒரு பல்லும் பதில் சொல்லவில்லை. பழைய முறைப்படி பார்த்தால் பதினேழும் சந்தேகத்துக்குரியவை. ஆக்சிமீட்டரோ முதல் நாளிலிருந்தே பதினேழிலும் ரத்தம் ஓடுகிறது என்று சொன்னது, கடைசிவரை அதையே சொன்னது. நரம்புகள் மெல்ல மெல்லத் திரும்பின. நான்காவது வாரத்தில் 5 பற்கள் பதில் சொன்னன. இரண்டு மாதத்தில் 14. மூன்று மாதத்தில் 16.

இந்தக் கருவி இன்னும் ஏன் அடையாறிலும் மயிலாப்பூரிலும் ஒவ்வொரு கிளினிக்கிலும் இல்லை என்று கேட்டால் காரணங்கள் உண்டு. கேப் போட்ட பல்லில் ஒளி ஊடுருவாது; பெரிய அடைப்பு இருந்தாலும் சிரமம்; அகலமான கடைவாய்ப் பல்லில் பிடிப்பான் சரியாக உட்காராது; ஈறின் ரத்தம் குழப்பும். பல்லுக்கென்றே ஒரு பிடிப்பானை மலிவாகச் செய்து விற்க யாரும் பெரிதாக முனையவில்லை என்பதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே பெரும்பாலான இடங்களில் இன்னமும் குளிர் ஸ்ப்ரேதான். கருவி இல்லாவிட்டாலும் ஆய்வு கற்பித்த பொறுமையைக் கடைப்பிடிக்கலாம்: அடிபட்ட பல் மௌனமாக இருந்தால், நிறம் கறுத்தல், சீழ்க்கொப்புளம், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் நிழல் போன்ற வேறு அடையாளம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி சோதிக்க வேண்டும்.

கூழ் உண்மையிலேயே செத்துவிட்டால் பல்லும் செத்துவிட்டதா? இல்லை. பல்லைத் தாடையோடு பிணைக்கும் வேர்ச்சவ்வு தனி ரத்த ஓட்டத்தில் வாழ்கிறது. ரூட் கேனால் செய்த பல் பல பத்தாண்டுகள் நிற்பது அதனால்தான். இதற்கு விசித்திரமான சாட்சி ஒன்று நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி 1960களில் உருவாக்கிய ஒரு கண் அறுவை சிகிச்சையைச் சங்கர நேத்ராலயாவில் 2003-லிருந்து செய்துவருகிறார்கள். ரசாயனம் பட்டோ, ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாலோ கருவிழி முழுக்கப் பாழாகி, கண்தானத்தாலும் பயனில்லாதவர்களுக்கு, அவர்களுடைய கோரைப் பல்லையே சுற்றியுள்ள எலும்போடு எடுத்து, நெடுக்காகத் தேய்த்து, கூழை நீக்கிவிட்டு, டென்டினில் துளையிட்டு ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் பொருத்துகிறார்கள். சில மாதம் உடம்பிலேயே பதித்து வளரவிட்டுப் பிறகு கண்ணில் வைக்கிறார்கள். முதல் 50 பேரின் அனுபவம் 2010-ல் வெளியானது. கூழ் இல்லாத டென்டினை, சவ்வும் எலும்பும் கூட இருப்பதால், உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது.

அப்படியானால் கூழைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். ஸ்வீடனில் ரண்டோவும் கிளான்ட்ஸும் 1986-ல் பற்களின் மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். உயிருள்ள பல் வலிக்கிறது என்று சொன்ன பாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிய பிறகுதான் கூழ் இல்லாத பல் புகார் செய்தது. சீடையில் கல் தட்டுப்பட்டால் உயிருள்ள பல் தாடையை உடனே நிறுத்தும். கூழற்ற பல் அழுத்திக் கடித்து, பிளந்த பிறகு தெரிவிக்கும். ரூட் கேனால் பண்ணிய பல் முறிவதற்குத் துளையிட்டு அகற்றிய டென்டினும் முக்கியக் காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடைந்த பல்லில் இளம் கூழைக் காப்பாற்றுவது எளிது. சொத்தையால் திறந்த பெரியவர்களின் கூழ் வேறு விஷயம். பாக்டீரியா அங்கே மாதக்கணக்கில் குடியிருக்கிறது. டென்மார்க்கின் பியோர்ன்டால் குழு 2010-ல் வெளியிட்ட சோதனையில், பெரியவர்களின் சொத்தைத் திறப்புகளைக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடியபோது ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கூழ்கூடத் தப்பவில்லை. இதைப் பார்த்துவிட்டு ரூட் கேனாலே கதி என்று பலர் சொன்னார்கள். நல்ல கூழை மோசமான மூடியால் மூடியதன் விளைவா, ஏற்கெனவே மேல்தளம் கெட்ட கூழை வெட்டாமல் விட்டதன் விளைவா என்ற கேள்வி நின்றது. இத்தாலியின் ரிக்குச்சி 2014-ல் 95 பற்களை நுண்ணோக்கியில் பார்த்தார். தேறாது என்று மருத்துவர்கள் முடிவு கட்டிய பற்களில் 84.4 சதவீதத்தில் அந்த முடிவு திசுவோடு ஒத்துப்போனது. அப்படிக் கெட்ட கூழிலும் கேடு பெரும்பாலும் ஈறுக்கு வெளியே தெரியும் கிரீடப் பகுதியோடு நின்றிருந்தது. வேருக்குள் இருந்த கூழில் அழற்சி இல்லை.

அதனால் இப்போது கடைவாய்ப் பல்லில் கிரீடப் பகுதிக் கூழை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, வேர்க்கூழை மட்டும் சிலிக்கேட் சிமென்டால் மூடும் பல்பாட்டமி மெல்லப் பரவுகிறது. பால்பற்களில் நூறாண்டுக்கு மேலாக நடப்பதுதான். அங்கே அந்தக் காலத்தில் ஃபார்மலின் கலவை வைத்துக் கூழைப் பதப்படுத்தினார்கள். பெரியவர்களின் பற்களில் இதை ரூட் கேனாலோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை ரோத்தக் அரசு பல் மருத்துவக் கல்லூரி 2017-ல் வெளியிட்டது. இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. ஐரோப்பிய வேர்ச்சிகிச்சைச் சங்கம் 2019-லும் அமெரிக்கச் சங்கம் 2021-லும் உயிர்க்கூழ்ச் சிகிச்சைக்கு ஆதரவாக அறிக்கை வெளியிட்டன. பொருள் செலவையும் பார்க்க வேண்டும். ஒரே அமர்வில் முடிகிற சிகிச்சை, ஃபோர்ட் ஸ்டேஷன் பக்கம் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்பவர்களுக்குப் பெரிய விஷயம்.

நாற்காலியில் முடிவெடுக்கும் தருணத்தில் மருத்துவர் நம்புவது எக்ஸ்ரேயையோ நோயாளி சொல்வதையோ அல்ல. ரப்பர் விரிப்பு மாட்டி, எச்சிலை விலக்கி, கிரீடக் கூழை வெட்டிய பிறகு, சோடியம் ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வேர்வாயில் அழுத்திக் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் கீழே இருப்பது நல்ல திசு. நிற்காமல் கருஞ்சிவப்பாக ஊறிக்கொண்டே இருந்தால் அழற்சி வேருக்குள்ளும் இறங்கிவிட்டது, ரூட் கேனால்தான். வெட்டிய பரப்பில் ரத்தமே வராமல் ஒரு வேர்வாய் வெளுத்திருந்தால் அங்கே கூழ் முன்பே போய்விட்டது.

மூடிய பிறகு ஒரு சங்கடம் உண்டு. கிரீடத்தில் கூழ் இல்லாததால் அந்தப் பல் இனிக் குளிருக்குப் பதில் சொல்லாது. மின்தூண்டலும் பயன்படாது. ஆக்சிமீட்டரின் ஒளியும் வேர்வரை எட்டாது. ஆறு மாதம், ஒரு வருடம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை என்று எக்ஸ்ரே எடுத்து வேர் நுனியில் நிழல் விழுகிறதா, வேர்க்குழாய் சுண்ணாம்பேறி அடைபடுகிறதா என்று பார்ப்பதும், மென்று சாப்பிட முடிகிறதா என்று கேட்பதும்தான் மிச்சம். வலி போய்விட்டது என்று அந்த ஆறாவது மாதத்து எக்ஸ்ரேவுக்கு வராமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.